அல்சாஸ்காரர்கள் ஜெர்மானியர்களா, பிரெஞ்சுக்காரர்களா?

"பெயர்கள் ஜெர்மன், பேச்சும் ஜெர்மன் போல இருக்கிறது, பிறகு ஏன் பிரெஞ்சுக்காரர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பிரான்சின் கிழக்கில் ஜெர்மன் எல்லையை ஒட்டிய பகுதிதான் அல்சாஸ்; அதன் பெரிய நகரமான ஸ்ட்ராஸ்பூருக்குப் படிக்கவோ வேலைக்கோ வரப்போகிறவர் என்று நினைக்கிறேன். வந்த பிறகு இதை இங்கே யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன்; இன்னும் உறுத்துகிறது.

முதல் வருடம் ஒரு வயதான அம்மாளின் வீட்டு மாடியில் குடியிருந்தேன். மதாம் என்று கூப்பிடுவேன். தங்கையுடன் தொலைபேசியில் அவர் பேசுவது, சென்னையில் நான் கற்ற ஜெர்மனைப் போலக் காதில் விழும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புரியும். ஒருநாள் காபி ஊற்றிக்கொண்டிருந்தவரிடம், "நீங்கள் ஜெர்மானியர்தானே?" என்று கேட்டுவிட்டேன். பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே என்னை ரெபுப்ளிக் சதுக்கத்துக்கு அழைத்துப் போனார். 1936-இல் எழுப்பிய போர் நினைவுச் சின்னம் அங்கே இருக்கிறது. ஒரு தாய், உயிர் பிரியும் இரண்டு மகன்களைத் தாங்கிக்கொண்டிருக்கிறாள். ஒருவன் பிரான்சுக்காகவும் மற்றவன் ஜெர்மனிக்காகவும் போரிட்டவர்கள். உடம்பில் சீருடை இல்லாததால் யார் எந்தப் பக்கம் என்று தெரியாது. பிரான்சின் மற்ற ஊர்களில் 'பிரான்சுக்காக', 'தாய்நாட்டுக்காக' என்றெல்லாம் பொறித்திருப்பார்கள். இங்கே 'இறந்த நம்மவர்களுக்கு' என்பதோடு சரி. எந்தத் தாய்நாட்டின் பெயரை எழுதுவது? 1871-இல் ஜெர்மனி, 1918-இல் பிரான்ஸ், 1940-இல் மறுபடி ஜெர்மனி, போர் முடியும்போது மறுபடி பிரான்ஸ். 1870-இல் பிறந்து முதுமைவரை வாழ்ந்த ஒருத்தி, ஊரைவிட்டு நகராமலே நான்கு முறை நாடு மாறியிருப்பாள்.

மதாம் தன் அப்பாவைப் பற்றி அங்கே நின்றபடிதான் சொன்னார். பிரெஞ்சுக் குடிமகன். 1942 ஆகஸ்டில் அல்சாஸின் நாஜி ஆட்சியாளர் ராபர்ட் வாக்னர், ஜெர்மன் ராணுவத்தில் கட்டாயச் சேவைக்கு ஆணையிட்டான். தப்பியோடினால் குடும்பத்தையே நாடு கடத்துவார்கள். அல்சாஸிலும் பக்கத்துப் பகுதியான மொசேலிலும் சுமார் 1,30,000 பேரை இப்படி இழுத்துப் போனார்கள். 'மால்க்ரே நூ' என்பது அவர்களுடைய பெயர். எங்கள் விருப்பத்துக்கு மாறாக என்று அர்த்தம். அப்பா ருஷ்யப் போர்முனையில் பிடிபட்டு, ருஷ்யாவின் தம்போவ் போர்க்கைதி முகாமில் கிடந்து, 1945 இலையுதிர்காலத்தில் எலும்பும் தோலுமாகத் திரும்பினார். சில வருடங்கள் கழித்து மகள் பள்ளிக்குப் போனபோது, வீட்டு மொழியான, ஜெர்மன் சாயல் கொண்ட அல்சாஸ் மொழியில் பேசியதற்காக "இனி பேச மாட்டேன்" என்று நூறு முறை எழுத வைத்தார்களாம்.

உடனே சிலர் ஒராதூர்-சுர்-கிளான் என்ற பிரெஞ்சுக் கிராமத்தைப் பற்றிக் கேட்பீர்கள். தெரியும். 1944 ஜூன் 10 அன்று அங்கே 640-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற நாஜிப் படையில் அல்சாஸ்காரர்களும் இருந்தார்கள். 1953-இல் போர்தோவில் விசாரணை நடந்து, கட்டாயத்தில் சேர்க்கப்பட்ட 13 பேருக்குத் தண்டனையும், சில நாட்களிலேயே பொதுமன்னிப்பும் கிடைத்தன. அந்த ஊர் மக்கள் கொதித்ததில் நியாயம் இருக்கிறது. நான் யாருக்கும் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்த ஒரு நாளை வைத்து மதாமின் அப்பாவையும் எடை போடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் தேவாலயத்தையும் அரசையும் பிரித்த 1905-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது அல்சாஸ் ஜெர்மனியில் இருந்தது. அதனால் அது இங்கே இன்றுவரை செல்லாது. பாதிரியாருக்கும் ரபிக்கும் அரசுதான் சம்பளம் தருகிறது. அப்படி இங்கே தங்கிவிட்ட தனிச் சட்டங்களால் டிசம்பர் 26 எங்களுக்கு விடுமுறை. நான் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பாரிஸ் தலைமை அலுவலகத்துக்கு ஒன்பது வருடமாக இது மண்டையில் ஏறவில்லை. வருடாந்திரக் கணக்குக் கூட்டத்தைச் சரியாக அன்றைக்கே வைப்பார்கள். சட்டப்படி விடுமுறை என்று எழுதினால், "ஓ, உங்கள் ஜெர்மன் விடுமுறையா?" என்று பதில் வரும். ஒரு பகுதியின் வரலாற்றை அந்த நாட்டுக்காரர்களே தெரிந்துகொள்ளாமல் இருப்பது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

போன டிசம்பரில் அந்தக் கூட்டத்தில் நான் கலந்துகொள்ளவில்லை. மதாம் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன்.