குறைந்த விலை ரிசீவரில் எங்கே கை வைத்திருக்கிறார்கள்? கேள்வி பதில்

வீட்டுத் திரையரங்குக் கருவிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. ஆரம்ப நிலை ஏவி ரிசீவர்களை, அதாவது படத்தின் ஒலியை வாங்கிப் பெருக்கிப் பல ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். விலையைக் குறைக்க வேண்டுமென்றால் தயாரிப்பாளர் எங்காவது கை வைத்தே ஆக வேண்டும். அந்த இடம் உங்கள் வீட்டுக்குத் தேவையில்லாததாக இருந்தால் அது நல்ல ரிசீவர். நான் எந்த ரிசீவரையும் இப்படித்தான் எடை போடுகிறேன்.

கேள்வி: பெட்டியின் மேல் ஒரு சானலுக்கு (ஒரு ஸ்பீக்கருக்குப் போகும் ஒலிப் பாதைக்கு) 140 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. கையேட்டைப் பிரித்தால் 70 வாட் என்கிறது. எதை நம்புவது?

கையேட்டை நம்புங்கள். இரண்டு எண்களும் ஒரே ஆம்ப்ளிஃபையரில் அளந்தவைதான், அளந்த விதம் வேறு. அந்த 140க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: 6 ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை), 1 கிலோஹெர்ட்ஸ், ஒரு சானல் மட்டும், 10 சதவீத ஒலிச்சிதைவு. பத்து சதவீதச் சிதைவு என்றால் காது கூசும் அளவுக்குக் கரகரப்பு. அந்த நிலையில் யாரும் படம் பார்க்க மாட்டார்கள். 70 வாட் என்பது 8 ஓமில், இரண்டு சானல்கள் சேர்ந்து இயங்கும்போது, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.08 சதவீதச் சிதைவுக்குள் கிடைப்பது.

இந்த எண் விளையாட்டு புதிதல்ல. அமெரிக்காவில் ஆம்ப்ளிஃபையர் வாட்டை எப்படி அளந்து சொல்ல வேண்டும் என்று 1974லேயே விதி போட்டார்கள். பல சானல் கருவிகளையும் கணக்கில் கொண்டு 2024இல் அதைத் திருத்தினார்கள். எல்லாச் சானல்களும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இயங்கினால் அந்த 70ம் கணிசமாக இறங்கும். ஏழு சானல்களுக்கும் சேர்த்து ஒரே டிரான்ஸ்ஃபார்மர்தான். விலை குறைந்த ரிசீவரில் முதலில் சிறிதாவதும் அதுதான்.

கேள்வி: அப்படியானால் 70 வாட் போதாதா? என் ஸ்பீக்கர்களின் உணர்திறன் 88 டெசிபெல். மூன்று மீட்டர் தள்ளி உட்காருகிறேன்.

தாராளமாகப் போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஸ்பீக்கர் 1 வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபெல் தருகிறது. மூன்று மீட்டருக்குச் சுமார் 9 டெசிபெல் கழியும், சுவர்களின் எதிரொலி அதில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும். ஆக, ஒரே வாட்டில் 80ஐ ஒட்டி வருகிறது. சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபெல்தான். படத்தின் பெரும்பகுதி ஒரு வாட்டுக்குள்ளேயே ஓடிவிடுகிறது.

வெடிச்சத்தம் போன்ற உச்சங்களுக்குத்தான் மீதி வாட். பத்து மடங்கு வாட் கொடுத்தால் 10 டெசிபெல் ஏறும். இரண்டு மடங்கு கொடுத்தால் 3 டெசிபெல்தான். 70ஐ 140 ஆக்கினாலும் கிடைப்பது அந்த 3 மட்டுமே. அதற்காக மேல்நிலை மாடலுக்குத் தாவ வேண்டாம். தாழொலிக்கென்றே உள்ள சப்வூஃபர் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அதற்கு அனுப்பிவிடுங்கள். அதற்குச் சொந்த ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. ரிசீவரின் தலையிலிருந்து பெரிய சுமை இறங்கிவிடும்.

அறை பெரிதாக இருந்தாலோ, ஸ்பீக்கர் 84, 85 டெசிபெல்காரராக இருந்தாலோ இதே பதிலைச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: 4 ஓம் ஸ்பீக்கர் பரிசாக வந்தது. ரிசீவரின் அமைப்பில் ஓம் மாற்றும் வசதி இருக்கிறது. மாற்றினால் போதுமா?

அந்த வசதி ரிசீவர் சூடேறாமல் இருக்க மின்னழுத்தத்தைக் கட்டிப்போடுகிறது. கூடவே வலிமையும் குறைகிறது. 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தேவையான மின்னோட்டத்தைச் சிறிய டிரான்ஸ்ஃபார்மரால் கொடுக்க முடியாது. இந்தத் தர ரிசீவருக்கு 6 அல்லது 8 ஓம் ஸ்பீக்கரே பொருத்தம்.

கேள்வி: ரிசீவர் தன் ஒலியை அறைக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ள, கூடவே வந்த மைக்கை வைத்து அறையை அளந்தேன். அளந்த பிறகு பேச்சு மெலிந்து, ஒலியில் கனமே இல்லை. மைக் மோசமா?

பெரும்பாலும் மைக் வைத்த இடம்தான் மோசம். சோபாவின் மெத்தைமேல் வைத்தீர்களா? சாய்மானம் பக்கத்தில் இருந்தால் ஒலி அதில் பட்டுத் திரும்பி மைக்கை ஏமாற்றும். கேமரா முக்காலியில் பொருத்தி, உட்கார்ந்தால் உங்கள் காது இருக்கும் உயரத்தில், சாய்மானத்திலிருந்து ஒரு முழம் முன்னால் தள்ளி வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே நிற்காதீர்கள்.

முடிந்ததும் முடிவை அப்படியே ஏற்காமல் மெனுவுக்குள் போய்ப் பாருங்கள். முன் ஸ்பீக்கர்களைப் ‘பெரியது’ என்று பதிந்திருந்தால் ‘சிறியது’ ஆக்கி 80 ஹெர்ட்ஸ் வையுங்கள். உங்கள் ‘கனமின்மை’ பாதி அங்கேயே தீரலாம். சப்வூஃபரின் தூரம் மட்டும் டேப்பால் அளந்ததைவிட ஒன்றிரண்டு மீட்டர் கூடுதலாகக் காட்டும். அது தவறல்ல, திருத்தாதீர்கள். சப்வூஃபருக்குள் இருக்கும் மின்சுற்று ஒலியைத் தாமதப்படுத்துவதை ரிசீவர் தூரமாகக் கணக்கிடுகிறது.

இங்கே ஒரு உண்மையான குறையும் உண்டு. பல ரிசீவர்களில் இந்த அறைத் திருத்தத்தைச் செய்யும் மென்பொருள் ஆடிஸி. அதன் சாதாரணப் பதிப்பான மல்ட்இக்யூவுக்கும் உயர் பதிப்பான எக்ஸ்டி32க்கும் உள்ள பெரிய வேறுபாடு தாழொலியைத் திருத்தும் நுணுக்கம்தான். அறை அதிகம் கெடுப்பதும் தாழொலியைத்தான். தேவையான இடத்திலேயே மலிவுப் பதிப்பு பலவீனமாக இருக்கிறது என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். சப்வூஃபரை மூலையிலிருந்து இரண்டடி நகர்த்திப் பார்ப்பது அதைவிட அதிகம் உதவும்.

கேள்வி: 7.2 (ஏழு சானல், இரண்டு சப்வூஃபர்) என்றால் இரண்டு சப்வூஃபரையும் தனித்தனியாக இயக்குமா?

இந்த விலையில் பெரும்பாலும் இல்லை. பின்னால் துளை இரண்டு, சமிக்ஞை ஒன்றே. 5.1 ரிசீவரில் ஒரு பிரிப்பு கேபிள் போட்டாலும் இதே பலன்தான்.

கேள்வி: விளையாட்டுக் கருவிக்கு 4கே 120 (4கே படம், நொடிக்கு 120 முறை) வேண்டும். ரிசீவரின் எல்லா எச்டிஎம்ஐ துளைகளிலும் அது வராதாமே?

வராமல் போகலாம், கையேட்டில் துளைக்குத் துளை பாருங்கள். ஆனால் அதற்காக ரிசீவரை ஒதுக்க வேண்டாம். கருவியை நேரே டிவியில் செருகி, ஒலியை மட்டும் இ-ஏஆர்சி வழியே, அதாவது டிவியிலிருந்து எச்டிஎம்ஐ கேபிளில் ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதி வழியே, ரிசீவருக்குக் கொண்டுவரலாம். பழைய ஏஆர்சி 2009இல் எச்டிஎம்ஐ 1.4 உடன் வந்தது. அதில் சுருக்கப்பட்ட ஒலியும், சுருக்காததென்றால் இரண்டு சானல் ஒலியும்தான் போகும். 2017இல் எச்டிஎம்ஐ 2.1 உடன் வந்த இ-ஏஆர்சி, தரம் குறையாத டால்பி ட்ரூஎச்டி ஒலி வரை அப்படியே சுமக்கும். டிவி, ரிசீவர் இரண்டிலும் இது இருக்க வேண்டும். ஒரே விலையில் உள்ள இரண்டு ரிசீவர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், வாட்டைப் பார்க்காமல் இ-ஏஆர்சி உள்ளதை எடுப்பேன்.

கேள்வி: ஒலியைக் கூட்டினால் இருபது நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. குறைபாடுள்ள கருவியா?

முதலில் மேலே கை வைத்துப் பாருங்கள். அலமாரிக்குள் அடைத்து, மேலே வேறு கருவியை ஏற்றி வைத்திருந்தால் வெப்பம் போக வழியில்லை. ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள்.

சூடு இல்லாமலும் அணைந்தால் ஸ்பீக்கர் கம்பிகளைப் பாருங்கள். ஒருவர் இதே புகாரோடு கொண்டுவந்த ரிசீவரை இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தேன், ஒரு கோளாறும் இல்லை. அவர் வீட்டுக்குப் போய் டார்ச் அடித்தபோதுதான் தெரிந்தது: சரவுண்ட் (பக்கவாட்டு) ஸ்பீக்கருக்கான ஸ்பிரிங் கிளிப்பிலிருந்து தலைமுடி போல ஒரே ஒரு செம்பு இழை வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதிரும்போதெல்லாம் குறுக்கிணைப்பு, உடனே பாதுகாப்புச் சுற்று அணைத்துவிடுகிறது. திருகு முனைகளுக்குப் பதில் ஸ்பிரிங் கிளிப் வைப்பது மலிவு மாடல்களின் வழக்கமான சிக்கனம். இழைகளை இறுக்கி முறுக்கிச் செருகுங்கள்.

கேள்வி: பிரீ-அவுட் (தனி ஆம்ப்ளிஃபையருக்கு ஒலியை அனுப்பும் துளை) இல்லாததை வாங்கினால் பின்னால் வருந்துவேனா?

பெரிய அறைக்கோ, தனி ஆம்ப்ளிஃபையருக்கோ போகும் எண்ணம் இருந்தால் வருந்துவீர்கள். பிறகு சேர்க்க முடியாத வசதி அது. அந்த எண்ணம் இல்லையென்றால் மிச்சமாகும் பணத்தை நடு ஸ்பீக்கருக்குப் போடுங்கள், வசனத்தின் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது.