திம்மீயா, குடிமகனா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்தோனேசியாவின் பெரிய முஸ்லிம் அமைப்பான நஹ்ளத்துல் உலமா 2019-இல் பன்ஜார் நகரில் கூடி, முஸ்லிமல்லாத குடிமக்களைக் காஃபிர் (இறைமறுப்பாளர்) என்று குறிக்க வேண்டாமென முடிவெடுத்ததாகப் படித்தேன். தேசியத்துக்காக மார்க்கச் சட்டத்தை வளைப்பதுதானே இது?
எம்.

அன்புள்ள எம்.,

வளைக்கவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்டது அகீதா, அதாவது நம்பிக்கைக் கோட்பாடு, சம்பந்தப்பட்டதல்ல. நாட்டில் வாழ்பவருக்குச் சட்டத்தில் என்ன நிலை என்ற ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டவியல்) கேள்வி.

மஸ்அலாக்களை, அதாவது மார்க்கச் சட்டச் சிக்கல்களை, தீர்க்க 1992-இல் லாம்புங்கில் அவர்கள் வகுத்த படிகள் உண்டு. நான்கு மத்ஹபுகளின் (சட்ட மரபுகளின்) கித்தாபுகளில், அதாவது நூல்களில், நேரடி விடை இருந்தால் அதுவே தீர்ப்பு. கருத்துகள் பலவானால் கூடிப் பேசி ஒன்றைத் தேர்வார்கள். விடையே இல்லையென்றால், தீர்வு கண்ட ஒத்த மஸ்அலாவோடு இணைப்பார்கள், இது இல்ஹாக். அதுவும் பொருந்தாதபோதுதான் உஸூலை (சட்டம் வகுக்கும் அடிப்படை விதிகளை) கொண்டு கூட்டாக ஆய்வு.

இங்கே சிக்குவது இல்ஹாக்கில்தான். கித்தாபுகளில் முஸ்லிமல்லாதவர் நான்கு வகை. ஹர்பீ, போரிலுள்ள எதிரி. முஆஹித், உடன்படிக்கை செய்த வேற்று நாட்டார். முஸ்தஃமின், தற்காலிக அபயம் பெற்று வந்தவர். திம்மீ, முஸ்லிம் ஆட்சியோடு ஒப்பந்தம் செய்து ஜிஸ்யா என்ற தனி வரி கொடுப்பவர். இந்தோனேசியாவின் மனாடோ நகரில் வாழும் கிறிஸ்தவரை இதில் எங்கே வைப்பீர்கள்? அவர் அபயம் கேட்டு வந்தவரல்ல. முஸ்லிம் கட்டும் அதே வரியைத்தான் கட்டுகிறார். 1945-இல் குடியரசுக்கான ஆயத்தக் குழுவில் அப்பகுதிக் கிறிஸ்தவரான சாம் ரத்துலாங்கியும் இருந்தார். ஒப்பந்தமே இல்லாத இடத்தில் திம்மீயின் சட்டத்தைக் கொண்டுபோய் ஒட்டுவதுதான் வளைப்பு. நான்கிலும் சேராததால் ‘முவாத்தின்’, அதாவது சம உரிமையுள்ள குடிமகன் என்றார்கள்.

உங்கள் சந்தேகத்துக்கு இடமுள்ளது 1984-இல்தான். நாட்டின் ஐந்து அடிப்படைக் கொள்கைகளான பன்சாசிலாவை அமைப்பின் அடிப்படையாக அவர்களின் சித்துபொண்டோ மாநாடு ஏற்றபோது அன்றைய அதிபர் சுகார்த்தோ அரசின் நெருக்குதல் இருந்தது. ஆனாலும் முந்தைய ஆண்டு அந்த அமைப்பின் உலமா (மார்க்க அறிஞர்கள்) எழுதிய பிரகடனம், பன்சாசிலா மதமல்ல, மதத்தின் இடத்தைப் பிடிக்கவும் முடியாது என்றே தொடங்குகிறது.

என் கவலை வேறு. இந்த முடிவு அரசைக் கட்டுப்படுத்தாது. 2006-இல் இரு அமைச்சர்கள் இட்ட கூட்டு விதிப்படி, வழிபாட்டுத் தலம் கட்ட அங்கே வழிபடப்போகும் 90 பேரின் அடையாள அட்டையும், அக்கம்பக்கத்தார் 60 பேரின் ஆதரவும் வேண்டும். 90 பேரைத் திரட்டிவிடலாம். வேலை நின்றுபோவது அந்த 60 பேரிடம்தான். ஊரில் எதிர்ப்புக் கிளம்பினால் கையெழுத்திட்டவரே பின்வாங்கிவிடுவார். ஃபிக்ஹ் குடிமகனாக ஏற்றவரின் உரிமை அண்டைவீட்டாரின் சம்மதத்தில் தொங்கலாமா? உலமா அடுத்து எடுக்க வேண்டிய மஸ்அலா இது.