அடையாளத்துக்காகக் குஞ்சுக்குச் சாயம் பூசலாமா?

கேள்வி: மூன்று கோழிகளின் முட்டைகளை ஒரே இன்குபேட்டரில் வைத்திருக்கிறேன். பொரித்த பிறகு எந்தக் குஞ்சு எந்தக் கோழியுடையது என்று தெரிய வேண்டும். குஞ்சுத் தரகர் ஒருவர் லேபிள் இல்லாத சாயப் பாட்டில் ஒன்றைக் கொடுத்தார். அதை ஊசியால் முட்டைக்குள் ஏற்றினால் குஞ்சு நிறத்தோடே வெளியே வருமாம். பயன்படுத்தலாமா? குஞ்சுக்கு ஏதாவது ஆகுமா?

பதில்: அந்தப் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம். உள்ளே இருப்பது உணவு நிறமியா, துணிச் சாயமா என்று பார்த்து யாராலும் சொல்ல முடியாது. குஞ்சு தன் மயிரையும் பக்கத்துக் குஞ்சின் மயிரையும் அலகால் கோதிக்கொண்டே இருக்கும். மேலே எதைப் பூசினாலும் கொஞ்சமாவது வயிற்றுக்குள் போகும். மனிதர்கள் சாப்பிடத் தகுந்த, தண்ணீரில் கரையும் உணவு நிறமியைத் தவிர வேறெதுவும் குஞ்சின் பக்கம் வரக்கூடாது.

முட்டைக்குள் சாயம் ஏற்றும் முறை இருப்பது உண்மைதான். காட்டுப் பறவைகளை ஆய்வு செய்கிறவர்கள்கூட இதைக் கையாண்டிருக்கிறார்கள். கோழி முட்டை பொரிய 21 நாள். 18ஆம் நாள் வாக்கில் ஓட்டில் மெல்லிய துளை போட்டு, நிறமியைச் செலுத்தி, மெழுகால் அடைப்பார்கள். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் கிருமியை வெளியே நிறுத்தி வைத்திருப்பதே ஓடும் அதன் உள்சவ்வும்தான். ஊசி போன இடத்தில் அந்தக் காவல் போய்விடுகிறது. இன்குபேட்டரின் சூடும் ஈரமும் கிருமி பெருகத் தோதானவை. ஊசி சற்று ஆழமாக இறங்கினால் குஞ்சையே குத்தும். ஒரு முட்டை அழுகி உடைந்தால் பக்கத்தில் உள்ளவற்றுக்கும் கேடு. இது வீட்டில் செய்து பார்க்கும் வேலை அல்ல.

உங்களுக்குச் சாயமே தேவையில்லை. பொரிப்பதற்கு மூன்று நாள் முன்பு முட்டைகளைத் திருப்புவதை நிறுத்துவீர்கள் அல்லவா? அன்றைக்கே ஒவ்வொரு கோழியின் முட்டைகளையும் தனித்தனி வலைத் தடுப்புக்குள் வையுங்கள். எது யாருடைய முட்டை என்று முட்டையிட்ட நாளிலேயே பென்சிலால் குறித்து வைத்திருக்க வேண்டும். தடுப்புக்கு மேலேயும் வலை வேண்டும், இல்லையென்றால் குஞ்சு தாவி அடுத்த அறைக்குப் போய்விடும். வலைக்கண் சிறியதாக இருக்கட்டும், கால் மாட்டக்கூடாது. குஞ்சுகள் காய்ந்ததும் ஒரு தடுப்பைக் காலி செய்து வளையம் போட்டு முடித்த பிறகே அடுத்ததைத் திறங்கள்.

குஞ்சுக்கான சுருள் பிளாஸ்டிக் வளையம் பல நிறங்களில் உண்டு. காலில் சுலபமாகச் சுழல வேண்டும், பாதத்தின் வழியாகக் கழன்று விழக்கூடாது. அதுதான் சரியான அளவு. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பிடித்துப் பாருங்கள். குஞ்சின் கால் வேகமாகப் பருக்கும். மாற்றாமல் விட்ட வளையம் தோலுக்குள் இறங்கிவிடும், அதற்குக் கீழே கால் வீங்கும், சதை வளையத்தின் மேலேயே மூடி வளரும். அப்புறம் அதை வெட்டி எடுக்கக் கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

சாயம் கைகொடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது, அதை விவரமாகச் சொல்கிறேன். குஞ்சின் கால் மிக மெல்லியதாக இருந்து கையிலிருக்கும் வளையம் நிற்கவில்லை என்றால், சரியான அளவு கிடைக்கும்வரை ஒரு பொட்டுச் சாயம் வைக்கலாம். குஞ்சு முழுக்கக் காய்ந்து, நிமிர்ந்து நடக்கத் தொடங்கிய பிறகுதான். பஞ்சுக் குச்சியில் நிறமியைத் தொட்டு, முதுகின் நடுவில் சின்னதாக ஒரு பொட்டு. முக்கியெடுக்கக் கூடாது, தெளிக்கவும் கூடாது. கண்ணுக்குப் பக்கத்திலும் எச்சத்துவாரத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம். சிவப்பு கூடவே கூடாது. ரத்தத்தின் நிறம் என்பதால் மற்றக் குஞ்சுகள் அந்த இடத்தைக் கொத்தத் தொடங்கும். பச்சையோ நீலமோ போதும். ஒரு குஞ்சுக்கு மட்டும் வைத்தால் அது தனித்துத் தெரிந்து கொத்து வாங்கும், அதனால் எல்லாவற்றுக்கும் வையுங்கள். பொட்டு காயும்வரை புரூடரின், அதாவது குஞ்சுகளைச் சூடாக வைத்து வளர்க்கும் கூண்டின், வெதுவெதுப்பில் இருக்கட்டும். முதல் வாரம் அங்கே சுமார் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும், ஈரக் குஞ்சுக்குக் குளிர்தான் எமன். கருப்புக் குஞ்சில் பொட்டு தெரியாது, அதற்கு வளையம் ஒன்றே வழி.

இந்தப் பொட்டும் நிலைக்காது. சாயம் பிடிப்பது பஞ்சு போன்ற முதல் மயிரில்தான். ஒரு வாரத்திலேயே இறக்கையில் நிஜ இறகு முளைக்கத் தொடங்கும், அடுத்த சில வாரங்களில் பஞ்சுமயிர் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். சாயம் நிற்கும் என்று சொல்லி விற்கிறவரிடம், இறகு முளைத்த பிறகு எங்கே நிற்கும் என்று கேளுங்கள்.

தரகர் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு அவரே நிறம் ஏற்றிய குஞ்சுகளை விற்க வந்தால் வாங்காதீர்கள். அப்படி விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை முட்டைக்கோழிப் பொரிப்பகங்கள் வேண்டாமென்று ஒதுக்கிய சேவல் குஞ்சுகள். முட்டையிடும் கோழியாகும் என்று சொல்லித் தலையில் கட்டிவிடுவார்கள். சில இனங்களில் பிறந்த அன்றே மயிரின் நிறத்தை வைத்துச் சேவலா பெட்டையா என்று சொல்லிவிடலாம். சாயம் அந்த அடையாளத்தையும் அழித்துவிடுகிறது. எச்சத்துவாரத்தில் எச்சம் ஒட்டி அடைத்துக் கிடப்பதும் அந்தப் பளபளப்பில் கண்ணுக்குத் தப்பிவிடும். சாயக் குஞ்சு விற்பதைத் தடுக்கச் சட்டம் போட்ட இடங்கள் உண்டு. சட்டம் போட்டவர்கள் சந்தைக்கு வந்து ஒரு கூடையையாவது திறந்து பார்த்தால் என்ன? குஞ்சு செத்த பிறகு வாங்கியவர்கள் எங்களிடம் வந்து நிற்கிறார்கள்.

எந்தக் குஞ்சைத் தொட்டாலும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பார்வைக்கு நலமாக இருக்கும் குஞ்சிலும் மனிதருக்கு வயிற்றுப்போக்கைத் தரும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

இந்தத் தடவை முட்டையோட்டில் ஏற்கெனவே கீறல் விழத் தொடங்கியிருந்தால், பிரிக்கிறேன் என்று மூடியைத் திறக்காதீர்கள். ஈரம் குறைந்து சவ்வு காய்ந்து, குஞ்சு உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். இவற்றைத் தாய்க்கணக்கு இல்லாமலே வளர்த்துக்கொண்டு, அடுத்த தொகுதி முட்டையை வைக்கும் முன்பே வலைத் தடுப்பைத் தயார் செய்துவிடுங்கள்.