வாசகர் கேள்வி – பதில்: ஸ்பானிய மொழியும் நம்முடைய 'க்கு'வும்

கேள்வி: ஸ்பானிய மொழி படிக்கத் தொடங்கியிருக்கிறேன். 'பொர்', 'பாரா' இரண்டுக்கும் 'க்காக' என்றே பொருள் போட்டிருக்கிறார்கள். எதை எங்கே போடுவது? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: போய்ச் சேரும் ஊர், பெறுகிற ஆள், நோக்கம், கெடு இவற்றுக்குப் 'பாரா'. காரணம், வழி, விலை, ஒருவருக்குப் பதிலாக என்பவற்றுக்குப் 'பொர்'. கோட்டையில் கிளம்பும் யாழ்ப்பாண ரயில் 'சாலே பாரா யாழ்ப்பாணம்'. அது குருநாகல் ஊடாகப் போவது 'பாசா பொர் குருநாகல்'. அண்ணனின் கடையில் சம்பளத்துக்கு நின்றால் 'திரபாஹோ பாரா மி எர்மானோ'. அண்ணன் காய்ச்சலில் படுத்திருக்க, அவருடைய வேலையை நீங்கள் பார்த்தால் 'பொர் மி எர்மானோ'.

நம்மவர்களை விழுத்துவது 'க்கு'தான். 'திங்கட்கிழமைக்குத் தாருங்கள்' என்பது கெடு, ஆகவே 'பாரா எல் லூனெஸ்'. 'ஆயிரம் ரூபாவுக்கு வாங்கினேன்' என்பதிலும் அதே 'க்கு' இருக்கிறது. ஆனால் அது விலை, 'பொர் மில் ருப்பியாஸ்'. 'சாப்பாட்டுக்கு நன்றி'யும் அப்படியே: 'கிராசியாஸ் பொர் லா கொமீதா'. நன்றிக்குப் பின்னால் 'பாரா' போட்டால் பிழை.

சந்தேகம் வந்தால் கேள்வியாக்கிப் பாருங்கள். 'ஏன் அழுகிறாய்?' காரணம் கேட்கிறது, 'பொர் கே'. 'இந்தக் கத்தி எதற்கு?' பயன் கேட்கிறது, 'பாரா கே'. உங்கள் வாக்கியம் எந்தக் கேள்விக்குப் பதிலோ, அந்தச் சொல்லையே போடுங்கள்.

கேள்வி: 'மாலாவைப் பார்க்கிறேன்' என்பதற்கு 'வேயோ ஆ மாலா'. வீட்டைப் பார்த்தால் மட்டும் அந்த 'ஆ' ஏன் இல்லை? – வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: செயப்படுபொருள் குறிப்பிட்ட ஓர் ஆளானால் 'ஆ' வரும், பொருளானால் வராது. தமிழருக்கு இது பாதி தெரிந்த விஷயம். 'டொக்டர் தேடுகிறேன்' என்றால் யாராவது ஒருவர் போதும், 'புஸ்கோ உன் மெதிகோ'. 'ஒரு டொக்டரைத் தேடுகிறேன்' என்றால் மனதில் ஒருவர் இருக்கிறார், 'புஸ்கோ ஆ உன் மெதிகோ'. நம்முடைய 'ஐ' செய்யும் அதே வேலை.

மற்றப் பாதியில்தான் கவனம் வேண்டும். 'அந்தப் புத்தகத்தை வாசித்தேன்' என்று நாம் பொருளுக்கும் 'ஐ' போடுவோம்; ஸ்பானியத்தில் 'லெயி எல் லிப்ரோ', 'ஆ' கிடையாது. வீட்டு நாய்க்கு மட்டும் பெரும்பாலும் ஆளுக்குரிய மரியாதை கிடைக்கும். 'எனக்கு இரண்டு அண்ணன்மார்' என்பதில், ஆட்களாக இருந்தாலும், 'தெங்கோ தோஸ் எர்மானோஸ்' மட்டுமே.

'ஆ'வும் 'எல்'லும் (ஆங்கில 'the' போன்றது) சேர்ந்தால் 'அல்', 'தே'யும் (ஆங்கில 'of' போன்றது) 'எல்'லும் சேர்ந்தால் 'தெல்'. எழுத்திலும் சேர்த்தே எழுதவேண்டும். எல் சல்வதோர் போன்ற பெயர்களில் மட்டும் எழுத்தில் சேராது.

கேள்வி: ஸ்பானிய 'என்' என்பது உள்ளேயா, மேலேயா? – வாசகர், தெஹிவளை

பதில்: இரண்டும், நம்முடைய 'இல்' போல. மேசையில், பஸ்ஸில், கொழும்பில் எல்லாவற்றுக்கும் 'என்' போதும். ஆங்கிலப் பழக்கத்தில் 'யெகே என் கொழும்பு' என்று எழுதாதீர்கள். 'கொழும்புக்கு வந்து சேர்ந்தேன்' என்று தமிழில் நினைத்தால் 'யெகே ஆ கொழும்பு' தானாக வரும்.

தமிழ் கைகொடுக்காத வினைகளும் உண்டு. மாலாவைக் கலியாணம் கட்டினாலும், மாலாவைக் கனவு கண்டாலும் 'கொன் மாலா' ('கொன்' என்றால் 'உடன்'). மாலாவை நினைத்தால் 'என் மாலா'. மாலாவைக் காதலித்தால் 'தே மாலா'. இவற்றுக்கு விதி தேடி மினக்கெட வேண்டாம். கொப்பியில் வினையைத் தனியே எழுதாமல் 'சொன்யார் கொன்', 'பென்சார் என்', 'கசார்சே கொன்', 'எனமொரார்சே தே' என்று சோடியாகவே எழுதிப் பாடமாக்குங்கள்.