ஒரு மோட்டார் நின்றால் ட்ரோன் விழுமா? வாங்குவோர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் உழவர் குழுவுக்கு மருந்து தெளிக்க 10 லிட்டர் டேங்க் ட்ரோன் வாங்கப் பார்க்கிறோம். ஒரு டீலர் நான்கு மோட்டார் மாடல் காட்டுகிறார். இன்னொருவர் ஆறு மோட்டார் மாடலைக் காட்டி, "இதுல ஒண்ணு போனாலும் பறக்கும் சார்" என்று கூடுதல் விலை சொல்கிறார். நம்பலாமா? (கரூர் வாசகர்)

பதில்: பாதி நம்பலாம். மீதிப் பாதியை எழுதி வாங்குங்கள்.

நான்கு மோட்டார் ட்ரோனில் இரண்டு விசிறிகள் வலப்பக்கமாகவும் இரண்டு இடப்பக்கமாகவும் சுற்றும். எதிரெதிர் மூலையில் இருப்பவை ஒரே பக்கம் சுற்றுபவை. ஒரு மோட்டார் நின்றதும் அந்த மூலை சாயும். சாயாமல் இருக்க எதிர் மூலை மோட்டாரின் வேகத்தையும் அடக்க வேண்டும். மிச்சமிருக்கும் இரண்டும் ஒரே திசையில் சுற்றுவதால், ட்ரோனின் உடல் அதற்கு எதிர்ப்பக்கமாகப் பம்பரம் போலச் சுழல ஆரம்பிக்கும். சுழன்றுகொண்டே இருந்தாலும் அதை ஓட்ட முடியும் என்று சூரிக்கின் ஈடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். 2021-இல் சூரிக் பல்கலைக்கழகமும் டெல்ஃப்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து, ஜிபிஎஸ் இல்லாமல் ட்ரோனில் உள்ள கேமராவை மட்டும் வைத்தே அதைச் செய்தன. சீன ட்ரோன் நிறுவனமான டிஜேஐயின் மேட்ரிஸ் 30 மாடலில் மூன்று விசிறிகளோடு அவசரமாகத் தரையிறங்கும் வசதி உண்டு.

ஆனால் இவையெல்லாம் சுமை குறைந்த ட்ரோன்கள். உங்களுடையது டேங்க் நிறைய மருந்தோடு, சாதாரணமாகப் பயிருக்கு இரண்டு மூன்று மீட்டர் மேலே பறக்கப் போவது. மொத்தம் 24 கிலோ என்று வையுங்கள். நான்கு மோட்டாரும் ஓடும்போது ஒன்றுக்கு 6 கிலோ. இரண்டு மட்டும் தாங்க வேண்டுமென்றால் ஒன்றுக்கு 12. அந்த உயரத்தில் கணினி சுதாரிப்பதற்குள் ட்ரோன் பயிருக்குள் கிடக்கும்.

அப்படியென்றால் ஆறு மோட்டார்தான் சரியா? அதே 24 கிலோவை ஆறு பேர் பிரித்தால் ஒன்றுக்கு 4 கிலோ. ஒன்று நின்றால் மிச்சம் ஐந்து தாங்கும் என்றுதான் டீலர் சொல்வார். நடப்பது வேறு. சமநிலைக்காக எதிரில் உள்ள மோட்டாரும் ஏறக்குறைய ஓய்வெடுத்தாக வேண்டும். ஆக, நான்கு மோட்டார்கள் ஒன்றுக்கு 6 கிலோ வீதம் தாங்க வேண்டும். வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு. அதற்கு மேலும், சாயாமல் திருத்திக்கொள்ளக் கொஞ்சம் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் காற்று அடர்த்தி குறையும், விசிறியின் பிடிப்பும் குறையும். அந்தக் கணக்கும் சேரட்டும். அவ்வளவு இருந்தாலும் ட்ரோனின் தலை எந்தப் பக்கம் திரும்பும் என்பது முழுதாகக் கையில் இருக்காது. பறந்து வேலையை முடிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உடையாமல் இறங்கினாலே லாபம். எட்டு மோட்டார்தான் உண்மையில் ஒன்று போனதைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளாதது. விலையும் அப்படி.

இன்னொன்றும் உண்டு. மோட்டார் கூடக்கூட, ஏதாவது ஒன்று கெட்டுப்போகும் வாய்ப்பும் கூடுகிறது. தெம்பு மிச்சமில்லாத ஆறு மோட்டார் ட்ரோன் நான்கைவிட மோசம் என்பது என் கருத்து. ஆகவே டீலரிடம் இப்படிக் கேளுங்கள்: ஒவ்வொரு மோட்டாரும் அதிகபட்சம் எத்தனை கிலோ தூக்கும்? மோட்டார் நின்றதைக் கண்டுபிடித்து மாற்றி ஓட்டும் வசதி மென்பொருளில் இருக்கிறதா, இந்த மாடலில் அதை இயக்கி வைத்திருக்கிறார்களா? டேங்க் நிறையத் தண்ணீரோடு செய்து காட்டுவாரா? காலி டேங்கோடு எடுத்த வீடியோவுக்கு மதிப்பில்லை. பதில்களைக் கொட்டேஷனிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். டைப் சர்டிபிகேட் (அந்த மாடலுக்கான அரசுத் தரச்சான்று) கட்டாயம் பாருங்கள். ஆனால் அது இருப்பதாலேயே மோட்டார் நின்றாலும் விழாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பேட்டரி போனால் எத்தனை மோட்டார் இருந்தும் பயனில்லை. கோப்ரோ நிறுவனம் 2016-இல் தன் கர்மா ட்ரோன்கள் சுமார் 2,500-ஐச் சந்தைக்கு வந்த சில வாரங்களிலேயே திரும்பப் பெற்றது. பேட்டரியைப் பிடித்திருக்கும் கொக்கி சரியாக நிற்காமல், பறக்கும்போதே மின்சாரம் அறுந்ததுதான் காரணம்.

உங்கள் வயல்களைச் சுற்றி ஆள் நடமாட்டம் இல்லையென்றால், பக்கத்து ஊரில் சர்வீஸ் உள்ள நான்கு மோட்டார் ட்ரோனையே நான் எடுப்பேன்.

கேள்வி: சொந்தமாக ட்ரோன் வாங்கி வயல்களில் தெளிக்கும் வேலை செய்கிறேன். வாங்கி நான்காவது மாதம் பறந்துகொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தது. "பைலட் தவறு, வாரண்டி கிடையாது" என்கிறார்கள். என்ன செய்வது? (திருவாரூர் வாசகர்)

பதில்: முதல் வேலை, ட்ரோனை அவர்களிடம் ஒப்படைக்கும் முன் அதன் லாக் கோப்புகளை (பறந்தபோது தானாகப் பதிவான விவரங்களை) நகலெடுங்கள். ட்ரோனுக்குள் இருப்பது ஒன்று, போன் அல்லது ரிமோட்டில் இருப்பது இன்னொன்று. இரண்டும் வேண்டும்.

லாக்கில் ஒவ்வொரு மோட்டாருக்கும் கணினி என்ன உத்தரவு கொடுத்தது என்று கோடு கோடாகப் பதிவாகியிருக்கும். விழுவதற்குச் சற்று முன்பு ஒரு மோட்டாரின் கோடு மட்டும் உச்சத்துக்கு ஏறி, எதிர் மூலைக் கோடு அடிமட்டத்துக்கு இறங்கி, அப்படியும் ட்ரோன் அந்த முதல் மோட்டார் பக்கமே சாய்ந்திருந்தால், கணினி "முழு வேகம் கொடு" என்று கேட்டும் அந்த மோட்டார் உள்ள கை தூக்கவில்லை என்று பொருள். மோட்டாரோ, அதற்கு மின்சாரம் கொடுக்கும் ஈஎஸ்சியோ, விசிறியோ போயிருக்கிறது. ரிமோட்டில் நீங்கள் அந்த நேரத்தில் என்ன செய்தீர்கள் என்பதும் அதே லாக்கில் இருக்கும். பைலட் தவறா இல்லையா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. ட்ரோனை ஓட்டும் மென்பொருள் ஆர்டுபைலட் என்றால், தூக்கும் விசை குறைவதாக மோட்டார் எண்ணோடு ஓர் எச்சரிக்கையே பதிவாகியிருக்கலாம்.

விசிறிகளையும் போட்டோ எடுங்கள். சுற்றிக்கொண்டே தரையில் மோதியது பெரும்பாலும் சிதறியிருக்கும். நின்றுபோன மோட்டாரின் விசிறி அதிகம் சேதமில்லாமல் இருக்கும். மோட்டாரைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள்: நரநரவென்று உரசுகிறதா, கருகிய வாடை வருகிறதா? முன்பு யாராவது மோட்டாரைக் கழற்றி மாட்டியிருந்தால் அடிப்பக்க ஸ்க்ரூவின் நீளத்தைப் பாருங்கள். நீளம் கூடிய ஸ்க்ரூ உள்ளே கம்பிச் சுற்றைத் தொட்டு ஷார்ட் ஆவது பழைய கதை. அதைச் செய்தது சர்வீஸ் சென்டரா நீங்களா என்பதைப் பொறுத்து வழக்கே மாறிவிடும்.

இவற்றோடு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை அங்கேயே போகலாம், காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள். "வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லும். பிழைப்புக்காகத் தானே ஓட்டும் சுயதொழில்காரருக்குச் சட்டம் அதில் விலக்குத் தருகிறது. 2021 ட்ரோன் விதிகளின்படி விபத்தை 48 மணி நேரத்துக்குள் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: பாராசூட் மாட்டினால் போதாதா? (தேனி வாசகர்)

பதில்: தெளிக்கும் ட்ரோனுக்குப் போதாது. பாராசூட் விரியவே ஓரளவு உயரம் வேண்டும். இரண்டு மீட்டரில் அது விரிவதற்குள் கதை முடிந்துவிடும். உயரே பறந்து அளவெடுக்கும் ட்ரோனுக்கென்றால் அது செய்யத் தகுந்த செலவு.

கேள்வி: கல்யாண வீடியோவுக்கு வெளிநாட்டுக் கேமரா ட்ரோன் ஒன்று செகண்ட் ஹேண்டில் மலிவாக வருகிறது. வாங்கலாமா? (மதுரை வாசகர்)

பதில்: 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. பில், பதிவு எண் இரண்டும் இல்லாமல் அதன்பின் வந்ததாக இருந்தால் தொடவே வேண்டாம். 250 கிராமுக்கு மேற்பட்டதென்றால் மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும்.

இவ்வகை ட்ரோன்கள் அனேகமாக நான்கு மோட்டார்தான். ஒன்று நின்றால் கல் மாதிரி விழும். விலை பேசும் முன் ஐந்து நிமிடம் பறக்கவிட்டு இறக்கி, நான்கு மோட்டாரையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் பேரத்தை விட்டுவிடுங்கள். விசிறி மாட்டும்போது வலச்சுற்றும் இடச்சுற்றும் மாறாமல், கிளிக் என்று பூட்டும்வரை அழுத்துங்கள். முகூர்த்த நேரத்தில் பந்தலுக்கு மேலே நிறுத்தச் சொல்லி மாப்பிள்ளை வீட்டார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். ஓரமாக நிறுத்திச் சாய்வாக எடுத்தாலே படம் நன்றாக வரும்.