முகச் சிவப்பும் உடற்சூடும்

கேள்வி: எனக்கு வயது 42. முகத்தில் இருப்பது ரோசேசியா (முகம் அடிக்கடி சிவந்து எரியும் நாள்பட்ட தோல் நோய்) என்று தோல் மருத்துவர் சொல்லிவிட்டார். தே தாரிக் தேநீர் குடித்தாலும், எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடந்தாலும் கன்னங்கள் எரிகின்றன. வளர்சிதை மாற்றம் வேகமாக இருப்பதுதான் காரணம் என்கிறார் உடற்பயிற்சி ஆசிரியர். என் மாமியாரோ உடற்சூடு என்கிறார். சாப்பாட்டைக் குறைக்கலாமா? வைட்டமின் மாத்திரைகளும் சாப்பிடுகிறேன்.
- ஈசூன் வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, இதற்காகச் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம். உணவு ஆற்றலாக மாறும் வளர்சிதை மாற்றத்தின்போது எல்லோருடைய உடலிலும் வெப்பம் பிறக்கிறது. அதை வெளியேற்றத் தோலின் இரத்தக் குழாய்கள் விரிவதும் இயல்பே. ரோசேசியா உள்ளவர்களின் முகத்தில் அந்தக் குழாய்களும் நரம்பு முனைகளும் சிறு வெப்பத்துக்கே அளவுமீறித் தூண்டப்படுகின்றன. மாமியார் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது: சூடு தூண்டுகோல்தான், நோய் அன்று. நாசி லெமாக் சோற்றோடு வரும் மிளகாய்ச் சம்பால் ஆறிப்போயிருந்தாலும் கன்னம் தகிப்பதற்குக் காரணம், மிளகாயின் காரப்பொருள் வெப்பத்தை உணரும் அதே நரம்பு ஏற்பியைத் தூண்டுவதுதான்.

தே தாரிக்கை விட்டுவிட வேண்டியதில்லை, நன்றாக ஆறட்டும். 1981இல் வெளியான ஓர் ஆய்வில், சூடான வெந்நீரும் சூடான காப்பியும் முகத்தைச் சிவக்க வைத்தன. குளிர்ந்த காப்பி அப்படிச் செய்யவில்லை.

வளர்சிதை மாற்றம் நேரடியாகக் குறுக்கிடும் இடங்களும் உண்டு. மதுவை உடல் சிதைக்கும்போது உருவாகும் அசிட்டால்டிஹைடு, அதை விரைவாக அகற்ற இயலாதவர்களின் முகத்தைச் சிவக்க வைக்கும். உங்கள் வைட்டமின் புட்டியின் சீட்டையும் தயவுசெய்து படித்துப் பாருங்கள். நிக்கோட்டினிக் அமிலம் என்றிருந்தால் அதுவே முகத்தைச் சூடேற்றும். நியாசினமைடு என்றிருந்தால் அந்தக் கவலை இல்லை. வளர்சிதை மாற்றத்தைச் சீராக்குவதாகச் சொல்லி விற்கப்படும் மாத்திரைகளுக்குச் செலவிட வேண்டாம்.

சிகிச்சையைப் பொறுத்தவரை, பிரிமோனிடின் களிம்பு குழாய்களைச் சுருக்கி, அரை மணி நேரத்தில் தொடங்கி ஏறக்குறைய 12 மணி நேரம் வரை சிவப்பைத் தணிக்கும். சிலருக்கு அதன் வீரியம் தீர்ந்ததும் முன்னைவிடக் கூடுதலாகச் சிவப்பதால், முதல் சில நாள்கள் சிறிதளவே தடவிப் பாருங்கள். பருக்கள் இருந்தால் மெட்ரோனிடசோல், ஐவர்மெக்டின் போன்ற மருந்துகள் உதவும். தோழி யாராவது ஸ்டீராய்டு கிரீம் கொடுத்தால், அதை மட்டும் முகத்தில் தடவாதீர்கள். முதலில் குணமானதுபோல் தோன்றினாலும், நாளடைவில் அதுவே நோயை மோசமாக்கும். நம் மாநிறத்தில் சிவப்பு கண்ணுக்குச் சட்டெனத் தெரியாது, ஆகவே புறங்கையைக் கன்னத்தில் வைத்துச் சூட்டைப் பாருங்கள். லேசர் செய்துகொள்வதாக இருந்தால், தோல் கருக்கும் அபாயத்தைப் பற்றி முன்கூட்டியே கேளுங்கள். வெயிலில் இறங்குமுன் சன்ஸ்கிரீன் தடவுவதையும் விடாதீர்கள்.

கன்ன எரிச்சலோடு படபடப்பு, கை நடுக்கம், காரணமின்றி எடை குறைதல் ஆகியவையும் இருந்தால், பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) தைராய்டு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அப்படியானால் உங்கள் ஆசிரியர் சொன்ன வேகம் உண்மையிலேயே கூடியிருக்கலாம், அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.