வாரம் ஒரு ஊசி, காணாமல் போன தாகம்

கேள்வி: என் அம்மாவுக்கு 56 வயது. பத்து வருடமாகச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. இரண்டு மாதமாக வாரம் ஒருமுறை செமாக்ளூடைட் ஊசி போட்டுக்கொள்கிறார். சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது, எடையும் குறைகிறது. ஆனால் இந்தச் சித்திரை வெயிலிலும் தண்ணீரே கேட்பதில்லை. "தண்ணி தவிக்கவே இல்லடி" என்கிறார். காலையில் எழுந்ததும் கிறுகிறுப்பு வந்து சுவரைப் பிடித்துக்கொள்கிறார். இந்த ஊசிக்கும் தாகத்துக்கும் என்ன சம்பந்தம்? வற்புறுத்திக் குடிக்க வைக்கலாமா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: சம்பந்தம் இருக்கிறது. அம்மா பொய் சொல்லவில்லை, அடம் பிடிக்கவும் இல்லை.

நம் குடலில் சாப்பிட்டவுடன் ஜிஎல்பி-1 என்று ஒரு ஹார்மோன் சுரக்கும். அதைப் போலவே வேலை செய்யும்படி ஆக்கிய மருந்துதான் செமாக்ளூடைட். இன்சுலினைத் தூண்டும், பசியைக் குறைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத இரண்டு வேலைகளும் அதற்கு உண்டு: உப்பைச் சிறுநீரில் கூடுதலாக வெளியேற்றச் சிறுநீரகத்தைத் தூண்டுகிறது, மூளையில் தாகத்தையும் தணிக்கிறது. இயற்கையான ஜிஎல்பி-1 இரத்தத்தில் ஓரிரு நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். ஊசியில் போவதோ பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். சாப்பாட்டுக்குப் பின் சற்று நேரம் வந்துபோக வேண்டிய சைகை, அம்மாவின் உடம்பில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், அளவில்லாமல் தண்ணீர் குடிக்கும் கோளாறு உள்ளவர்களுக்கு இதே குடும்பத்து மருந்தான துலாகுளூடைடைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் குடிப்பது குறைந்தது. அங்கே சிகிச்சையாக உதவியது, வெயிலில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு இடைஞ்சலாகிறது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை அதிகமாக இருந்த காலத்தில் அது சிறுநீரோடு நீரை இழுத்துக்கொண்டு போனதாலேயே நிறையத் தாகம் எடுத்திருக்கும். அந்தத் தாகம் போனது நல்லதுதான். கிறுகிறுப்பு இல்லையென்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

குடலை வெறும் குழாயாக நினைப்பதால்தான் இது புதிராகத் தெரிகிறது. ஒரு நாளில் நாம் குடிப்பது சுமார் 2 லிட்டர். உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடல் நீர் எல்லாம் சேர்ந்து இன்னும் 6, 7 லிட்டர் குடலுக்குள் கொட்டுகிறது. மலத்தில் வெளியே போவது 100 முதல் 200 மில்லிதான். மீதி அத்தனையும் திரும்ப உறிஞ்சப்படுகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலை நடத்துவதில் குடல் ஹார்மோன்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

உலகில் முதன்முதலில் ஹார்மோன் என்று அடையாளம் காணப்பட்டதே இப்படி ஒரு நீர் விவகாரத்தில்தான். 1902இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், மயக்கத்தில் இருந்த ஒரு நாயின் சிறுகுடல் துண்டுக்குப் போகும் நரம்புகளை எல்லாம் வெட்டிவிட்டு அதற்குள் அமிலம் விட்டார்கள். நரம்பே இல்லாதபோதும் கணையம் நீரைச் சுரந்தது. உடனே குடலின் உள்தோலைச் சுரண்டி, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி இரத்தத்தில் செலுத்தினார்கள். மறுபடியும் சுரந்தது. அந்தப் பொருளுக்கு செக்ரெட்டின் என்று பெயர் வைத்தார்கள். ஹார்மோன் என்ற சொல்லே அதற்கு மூன்று வருடம் கழித்துத்தான் வந்தது.

இந்த ஏற்பாடு கெட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. விஐபி என்ற குடல் ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கும் அபூர்வக் கட்டி கணையத்தில் வந்தால், காலரா போல லிட்டர் கணக்கில் தண்ணீராகப் பேதியாகும். ஈ கோலை கிருமிகளில் ஒரு வகை, குவானிலின் என்ற குடல் ஹார்மோனைப் போலவே ஒரு நஞ்சை உருவாக்கிக் குடல் செல்களை ஏமாற்றி நீரைக் கொட்ட வைக்கிறது. வெளியூர்த் தண்ணீர் சேராமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, அம்மா விஷயத்துக்கு வருவோம். "தாகம் எடுத்தால் குடி" என்ற விதி இப்போது அவருக்குப் பொருந்தாது. கடிகாரத்தைப் பார்த்துத்தான் குடிக்க வேண்டும். ஆனால் பெரிய சொம்பை நீட்டி மடமடவென்று குடிக்கச் சொல்லாதீர்கள். இந்த மருந்தால் இரைப்பை மெதுவாகக் காலியாகும், குமட்டல் வந்துவிடும். மணிக்கு ஒருமுறை அரை டம்ளர், ஒரு டம்ளர் என்று போகட்டும். காலையில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பிக் கண்ணில் படும்படி வையுங்கள். மதியம் அது தீர்ந்து மறுபடி நிரம்ப வேண்டும். இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தக் கணக்கைப் பின்பற்றக் கூடாது. அவர்களுக்கு மருத்துவர் சொல்வதே அளவு.

பலர் கவனிக்காத ஒன்று, சாப்பாட்டில் இருக்கும் தண்ணீர். சோற்றில் கிட்டத்தட்ட எழுபது சதவீதம் தண்ணீர்தான். ரசம், மோர், கூட்டு எல்லாம் அதற்கு மேல். பசி குறைந்து தட்டு பாதியானால், நீரும் உப்பும் அதோடு குறைகின்றன. கல்லுப்பை அள்ளிப் போடாமல் லேசாக உப்பிட்ட நீர்மோர் இரண்டு வேளை கொடுங்கள்.

அடுத்து, இரத்த அழுத்த மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் என்று இருந்தால் அது நீரைப் பிரிக்கும் மாத்திரை. எடை குறையும்போது அழுத்தமும் தானாகக் குறைவதால், பழைய அளவு இப்போது அதிகமாகியிருக்கலாம். என் அனுபவத்தில் இப்படிப்பட்ட கிறுகிறுப்புக்கு ஊசியை விட இந்த மாத்திரைதான் பெரும்பாலும் காரணம். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். காலையில் அம்மாவை ஐந்து நிமிடம் படுத்திருக்கச் சொல்லி அழுத்தம் பாருங்கள். எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், அந்த எண்களோடு மருத்துவரிடம் போங்கள். கிறுகிறுக்கும் நேரத்தில் குளுக்கோமீட்டரிலும் ஒருமுறை பாருங்கள். கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால் தாழ்சர்க்கரையும் இதே மாதிரிதான் காட்டும்.

வாந்தியோ பேதியோ வந்த அன்று கதை வேறு. அப்போது உப்பும் குளுக்கோஸும் கலந்த ஓஆர்எஸ் கரைசலைக் கொடுங்கள். சர்க்கரை நோயாளிக்கு அதைக் கொடுக்கலாமா என்று தயங்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. அதுவும் குடல் சுவரில் சோடியத்தை உள்ளே கூட்டிப்போகத் தேவையானது. டப்பாவில் வரும் இனிப்புப் பானம் வேண்டாம், மருந்துக்கடைப் பொட்டலமே சரி. ஓஆர்எஸ் என்ற பெயரில் இனிப்புப் பானங்களை விற்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லிவிட்டது. அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட்டு, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், நீர் மாத்திரை, இரத்த அழுத்தத்துக்கான டெல்மிசார்டன் ஆகியவற்றில் எதை நிறுத்திவைப்பது என்று கேளுங்கள். வலிக்கு டைக்ளோஃபெனாக் கொடுக்காதீர்கள். குடித்தது தங்கவில்லை, ஏழெட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, பேச்சு குழறுகிறது என்றால் ஓஆர்எஸ்ஸோடு வீட்டில் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஊசியை இந்த வாரம் விட்டுவிட்டால் தாகம் உடனே திரும்பிவிடும் என்று நினைக்க வேண்டாம். முழுவதுமாக வெளியேற ஐந்து வாரம் வரை ஆகும். அதுவரை பாட்டில் கணக்கு தொடரட்டும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம் மூன்றுக்கும் இந்த வாரமே இரத்தம் கொடுத்துவிடுங்கள்.